அமலிக்கு உறைக்காத சோறு

பாங்காக்
9 ஜூன் 2024

அன்புள்ள மதினிக்கு,

ரீனா எழுதுகிறேன். போனில் உங்கள் யாரையும் பிடிக்க முடியவில்லை. உங்கள் வீட்டுப் போனைச் சார்லஸ் அண்ணன் எடுப்பதில்லை. உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டால் "டீச்சர் கிளாஸ்ல இருக்காங்க" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் தபால்.

ஏப்ரல் லீவுக்குத் திண்டுக்கல்லைக் காட்டிவிட்டு மூன்று வாரத்தில் கூட்டிவருகிறேன் என்று சொல்லித்தான் உங்கள் தம்பி அமலியை அழைத்து போனார். நானேதான் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். மே கடைசியில் தோஹாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. தனக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டதாம். பிள்ளை இனி அக்காவிடம் வளருமாம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டதாம். எனக்கும் பிராங்கிளினுக்கும் ஒரு வருஷமாக ஒத்துப்போகவில்லை என்பது உங்களுக்கு தெரியும். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட வக்கீல் ராயப்பராஜிடம் பேசினேன். "இப்ப வேலைய விட்டுட்டு ஓடி வந்தீங்கன்னா வேலையும் இல்ல, வீடும் இல்லாதவன்னு எழுதிருவாங்கம்மா. விசாரணைக்கு வாங்க, போதும்" என்கிறார். இங்கே பள்ளியில் மார்ச் வரை எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது.

இந்தக் கடிதம் சண்டைக்கு இல்லை. சாப்பாட்டுக்கு. அமலிக்கு காரம் ஆகவே ஆகாது. பால், தயிர் சாப்பிட்டால் வாந்தி எடுப்பாள், அதனால் தயிர்சோறும் கொடுக்க முடியாது. தாய்லாந்து என்றாலே காரம் என்பார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இங்கே வேறு சாப்பாடு உண்டு. திண்டுக்கல்காரன் என்று பெருமை பேசிய பிராங்கிளினே இந்த ஊர் மிளகாயில் கண் கலங்கிப்போய் ஆறு மாதம் அதைத்தான் சாப்பிட்டார்.

சுலபமான இரண்டை எழுதி தருகிறேன். முதலாவது கெங் ஜூட், தெளிந்த சாறு. கோழிக்கறியைக் கொத்தி, பூண்டும் மல்லிவேரும் தட்டிப்போட்டு, சிறு உருண்டையாக உருட்டிக் கொதிக்கிற எலும்புத் தண்ணீரில் விடுங்கள். முட்டைக்கோஸ், கொஞ்சம் சேமியா, உப்பு. மிளகாய் என்ற பேச்சே இல்லை. இரண்டாவது காய் ஜியாவ். முட்டையை நுரைக்க அடித்து, நிறைய எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் உயரத்திலிருந்து ஊற்றினால் பூப்போல உப்பிக்கொள்ளும். சூடான சோற்றின் மேல் அப்படியே போட்டுக் கொடுக்கலாம்.

எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ரீனா


திண்டுக்கல்
27 ஜூன் 2024

ரீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலைந்து இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். நீயும் ஒரு டீச்சர் என்பதால் சொல்கிறேன்.

போனை நிறுத்தியது பிராங்கிளின் அல்ல, நான். வந்த முதல் வாரம் உன் குரலைக் கேட்டுவிட்டு உன் பிள்ளை மூன்று நாள் வாயில் எதையும் வைக்கவில்லை. கடிதம் என்றால் எழுது. அதை நான்தான் படிப்பேன்.

இந்த வீட்டில் ஒரு அடுப்புதான் எரியும். பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு வெஞ்சனம் வைக்கிற வழக்கம் எங்கள் அம்மா காலத்திலும் கிடையாது. காலையில் இட்லியைச் சீனி தொட்டுத் தின்கிறாள். மதியமும் ராத்திரியும் தட்டை வைத்தால் "பெட், பெட்" என்கிறாள். சரி, தூக்கம் வருகிறது என்று கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுகிறேன். படுத்துக்கொண்டு அழுகிறாள். பசி இல்லாத பிள்ளைக்கு அழுகை எங்கிருந்து வருகிறதோ.

எனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறது. அமலியின் ஞானஸ்நானத்தன்று பிள்ளையை வாங்க நான் கையை நீட்டினேன். "பெறாத கையி, முதல்ல வேண்டாம்" என்று உன் அம்மா துணியை இழுத்து மூடினார்கள். முப்பது பேர் நின்றார்கள். நீயும் நின்றாய். பிள்ளையின் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தாய்.

இன்றைக்கு அதே கையைச் சமைத்துப் போடச் சொல்கிறாய்.

ஜோஸ்பின்


பாங்காக்
8 ஜூலை 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட வாசலில் நின்று படித்தேன். அதன்பிறகு வகுப்புக்குப் போகவில்லை.

பெட் என்றால் படுக்கை இல்லை மதினி. தாய் மொழியில் உறைக்கிறது என்று அர்த்தம். பகலில் அவளைப் பார்த்துக்கொண்ட மாலி அக்காவிடம் பழகியது. நாக்கு எரிந்தால் அந்த வார்த்தைதான் அவளுக்கு முதலில் வரும். உறைக்கிறது, உறைக்கிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீங்கள் சோறு கொடுக்காமல் படுக்கவைத்திருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்றே நம்புகிறேன். எத்தனை நாள் அப்படி என்று மட்டும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஞானஸ்நானத்தன்று அம்மா சொன்னது தப்பு. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றது அதைவிடத் தப்பு. உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசித்தான் தொப்பியைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள். என்னை மன்னிக்க முடியாவிட்டால் அவளையாவது தனியாகப் பாருங்கள். அன்றைக்கு அவள் நாற்பது நாள் பிள்ளை.

இரண்டு அடுப்பு வேண்டாம். உங்கள் சோற்றையே கொஞ்சம் எடுத்துக் கோழிச் சாற்றில் கொதிக்க விடுங்கள். பொரித்த பூண்டையும் வெங்காயத் தாளையும் மேலே தூவுங்கள். இது காவ் தோம். பத்து நிமிஷ வேலை. காய்ச்சல்காரர்களும், இந்த ஊர்க் காரத்துக்குப் பயப்படுகிறவர்களும் காலையில் இதைத்தான் குடிக்கிறார்கள். இஞ்சி போட வேண்டாம், அவளுக்கு அதுவும் எரிப்புத்தான்.

ரீனா


திண்டுக்கல்
25 ஜூலை 2024

ரீனாவுக்கு,

கேட்டேன். "பெட்னா என்னடி?" என்றேன். "உறைக்குதுன்னு அர்த்தம் அத்தை" என்றாள். "அதத் தமிழ்ல சொல்றதுக்கு என்ன?" என்றேன். "சொன்னேன், நீங்க கேக்கல" என்றாள். எதிர்த்துப் பேசியதற்கு ஒன்று வைத்தேன்.

இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை சோற்றுக்கு ஒரு கரண்டி குழம்பு. மறுநாள் ஒன்றரை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் தின்பது அவளுக்கும். தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது. முதல் நாள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இவர் எனக்குத் தெரியாமல் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். பழத்தை வாங்கி மாட்டுக்குப் போட்டேன். என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒருத்தருக்கும் நான் வளைந்துகொடுத்ததில்லை.

வாயில் புண் வந்தது. ஆறிவிடும். இரண்டு கிலோ குறைந்திருக்கிறாள் என்று அவள் பள்ளிக்கூடத்தில் நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் ஏறிவிடும். அழுதுகொண்டே தின்றாலும் தின்கிறாள்.

உன் மன்னிப்பைப் படித்தேன். ஆறு வருஷம் கழித்து, பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்கிறபோது வருகிற மன்னிப்பு.

ஜோஸ்பின்


பாங்காக்
5 ஆகஸ்ட் 2024

ஜோஸ்பின் டீச்சருக்கு,

இனி மதினி என்று எழுத எனக்குக் கை வராது.

உங்கள் இரண்டு கடிதங்களும் ராயப்பராஜிடம் இருக்கின்றன. பட்டினி போட்டதையும், அடித்ததையும், வாயைப் புண்ணாக்கியதையும் உங்கள் கையெழுத்திலேயே நீதிபதி படிப்பார்.

என் அம்மா அன்று சொன்னது தப்பு என்று இத்தனை வருஷம் குறுகிப்போயிருந்தேன். இல்லை. அவர்கள் குறைத்துத்தான் சொன்னார்கள். மூன்று தடவை உங்கள் வயிற்றில் வந்தது மூன்றும் தங்காமல் போனதற்கு நீங்கள் அழுதீர்கள். நானும் உங்களுக்காக அழுதேன். இப்போது சொல்கிறேன், அந்தப் பிள்ளைகள் தப்பித்துக்கொண்டன.

ரீனா


திண்டுக்கல்
20 அக்டோபர் 2024

ரீனாவுக்கு,

உன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது பதில் எழுதவில்லை.

செப்டம்பரில் அமலிக்குக் காய்ச்சல். நாலு நாள். கஞ்சி, ரொட்டி, பழச்சாறு, எதுவும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கச் சொன்னார்கள். இவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் உன் முதல் கடிதத்தை எடுத்து, மல்லிவேர் வாங்கிவரச் சொல்லி, அந்தச் சாற்றை வைத்தேன். மூடியைத் திறந்ததும் பிள்ளை படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு "இன்னுங் கொஞ்சம்" என்றாள். இந்த வீட்டில் அவள் இன்னும் கொஞ்சம் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பின் தினமும் வைக்கிறேன். முட்டை, சாறு, அந்தச் சோற்றுக் கஞ்சி. நானும் அதையே சாப்பிடுகிறேன். இவருக்கு மட்டும் குழம்பு. அடுப்பு இரண்டாகிவிட்டது. அமலி இப்போது என்னோடுதான் படுக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே சமையலறைக்கு வந்து மேடை மேல் ஏறி உட்கார்ந்து, முட்டையை அடிக்கக் கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறாள்.

இந்த மாதம் ஜெபமாலை மாதா திருநாளன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "அம்மா, தண்ணி" என்றாள். வாய் தவறி வந்தது. நான் திருத்தவில்லை. மறுநாள் தவறாமலே வந்தது.

எல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான். நான் கரண்டி பிடித்தேன், அவ்வளவே.

இதையே தின்று பிள்ளைக்கு அலுத்துவிட்டது. வேறு இருந்தால் எழுது. எழுத விருப்பமில்லை என்றாலும் ஒன்றும் இல்லை. எங்கள் குழம்பு இருக்கவே இருக்கிறது.

ஜோஸ்பின்


பாங்காக்
4 நவம்பர் 2024

ஜோஸ்பின் டீச்சருக்கு,

மூன்று நாள் இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினால் அவளை என் கையாலேயே உங்களிடம் கொடுத்ததாக ஆகும். எழுதாவிட்டால் அவள் வாய் வேகும். இது தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள்.

தொம் கா. தேங்காய்ப்பால் சாறு. உங்கள் ஊரில் தேங்காய்க்குக் குறைவில்லை. இரண்டாம் பாலில் எலுமிச்சைப்புல்லையும் அரத்தைத் துண்டையும் போட்டுக் கொதிக்க விட்டு, கோழித் துண்டு, காளான் சேர்த்து வேகவைத்துக் கடைசியில் முதல் பால். இறக்கியபின் எலுமிச்சம்பழம். அரத்தை நாட்டுமருந்துக் கடையில் காய்ந்ததாகக் கிடைக்கும். அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், கடித்துவிடுவாள்.

காவ் மன் காய். கோழியை முழுதாக வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே, கோழிக் கொழுப்பில் வதக்கிய அரிசியைப் பொங்குங்கள். கறியைத் தோலோடு சீவி மேலே அடுக்கி, பக்கத்தில் வெள்ளரிக்காய். தொட்டுக்கொள்கிற சாந்து பெரியவர்களுக்கு. அவளுக்கு வேண்டாம். பிறந்தநாளுக்கு அவள் கேட்பது இதைத்தான். டிசம்பர் பதினொன்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்குத் தட்டை வைக்கும்போது, இது உன் அம்மா எழுதி அனுப்பியது என்று சொல்லுங்கள். ஒரு தடவை போதும்.

ரீனா


திண்டுக்கல்
27 ஜனவரி 2025

ரீனாவுக்கு,

சொல்லவில்லை. பிறந்தநாளன்று அவள் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். நான் செய்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். என் கடிதங்களை உன் வக்கீல் நீட்டினார். நீதிபதியம்மா பிள்ளையின் எடையைக் கேட்டார்கள். ஜூலையில் இருந்ததற்கு நாலு கிலோ கூடியிருக்கிறாள். உன் சாப்பாட்டில் ஏறிய எடை. ராயப்பராஜ் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வக்கீல் உன் கடிதங்களைக் கொடுத்தார். சமையல் குறிப்பு வரைக்கும் எழுதியனுப்பிப் பிள்ளையை நாத்தனாரிடம் நம்பி ஒப்படைத்தவள் என்றார். ஆகஸ்ட் கடிதத்தையும் படித்துக் காட்டினார். அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி நீ எழுதிய வரியை. நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி உன்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அதை ஐந்து மாதம் பத்திரமாக வைத்திருந்தேன்.

தனி அறையில் கேட்டதற்கு அமலி இங்கேயே இருக்கிறேன் என்றாள். உனக்கு இரண்டாவது சனிக்கிழமை இரண்டு மணி நேரம். தீர்ப்பு வரும்வரை அதுதான்.

அதன்பிறகு வராந்தாவில் நீ டிபன் பாக்ஸைத் திறந்தாய். தோழி வீட்டு அடுப்பில் விடிகாலையில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொன்னாய். முதல் கடிதத்தில் எழுதிய அந்தச் சாறுதான். ஊற்றுகிற அவசரத்தில் பாதி உன் சேலையில் கொட்டியது. அமலி ஒரு வாய் குடித்தாள். உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன், என்னிடம் திரும்பிச் சொன்னாள். "அம்மா, நீங்க வைக்கிறதுதான் நல்லாருக்கு."

ஜோஸ்பின்


திண்டுக்கல்
3 மே 2025

ரீனாவுக்கு,

பாங்காக் வேலையை முடித்துக்கொண்டு நீ பேகம்பூரில் உன் தோழி தாஹிரா வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று தெரியும். இரண்டாவது சனிக்கிழமைகளில் வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு நான் உள்ளே போய்விடுகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். நேரில் வந்து கேட்கிற முகம் எனக்கு இல்லை.

பிராங்கிளின் லீவில் வந்திருக்கிறான். வந்த அன்று மத்தியானம் அமலி என்னை அம்மா என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டான். "பாத்துக்கிட்டதுக்கு நன்றி அக்கா. ஆனா ஒம்பிள்ளை மாதிரி ஆக்கிக்கிட்டது தப்பு" என்றான். இருபத்திநாலாம் தேதி தோஹாவுக்குக் கூட்டிப்போகிறானாம். டிக்கெட் போட்டுவிட்டான். அங்கே அவனோடு ஒரு பெண் இருக்கிறாள். கல்யாணம் கிடையாது. அவள் போட்டோவை அமலியிடம் காட்டி "இதான் ஒன் புது மம்மி" என்றான். பிள்ளை என் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். கையைப் பிடித்து வெளியே இழுத்து மறுபடியும் காட்டினான். நான் தடுத்ததற்கு, "ஒனக்கு என்ன உரிமை? நீ யாரு?" என்றான். என் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன்.

கோர்ட்டில் அமலி சொன்னது அவளாகச் சொன்னது இல்லை. நான்தான் ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன். உன்னோடு போனால் மறுபடியும் என்னைப் பார்க்கவே முடியாது, நான் செத்துப்போவேன் என்று சொல்லி மனப்பாடம் செய்யவைத்தேன். இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன். பயணத்தை நிறுத்தச் சொல்லி மனுப் போடு. பிள்ளை உன்னிடம் வரட்டும்.

ஜோஸ்பின்


பேகம்பூர்
5 மே 2025

ஜோஸ்பின் டீச்சருக்கு,

சனிக்கிழமை பத்து மணிக்கு ராயப்பராஜ் ஆபீசுக்கு வாருங்கள்.

இரண்டு தாள் இருக்கும். ஒன்றில் பிள்ளையைப் பொய் சொல்லவைத்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வேலை போகலாம் என்று வக்கீல் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

இன்னொன்று நான் கேட்டு எழுதச் சொன்னது. பிள்ளை என்னிடம் வந்தபின் நீங்கள் அவளைப் பார்க்கக் கேட்க மாட்டீர்கள். வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வர மாட்டீர்கள். கோயிலில் எதிரே வந்தாலும் கூப்பிட மாட்டீர்கள். இப்படியொரு தாள் கோர்ட்டில் செல்லாதும்மா என்றார் ராயப்பராஜ். எனக்குப் போதும். உங்கள் சொல்லை நீங்கள் மீற மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

தாஹிரா இதைப் படித்துவிட்டு "வேணாம்டி, அந்தம்மா தாங்க மாட்டாங்க" என்றாள். தாங்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இரண்டு தாளும் சேர்ந்துதான். ஒன்றில் மட்டும் என்றால் வர வேண்டாம்.

ரீனா


திண்டுக்கல்
7 மே 2025

ரீனாவுக்கு,

வருகிறேன். இரண்டிலும் போடுகிறேன்.

வேலை போகாது. அவர்கள் கேட்பதற்கு முன் நானே இன்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இருபத்தாறு வருஷம். இவரிடம் சொன்னேன். "இப்பயாச்சும் செஞ்சியே" என்றார். 

பிராங்கிளின் பாஸ்போர்ட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான். ராயப்பராஜிடம் அதைச் சொல்லிவை. மனு வெள்ளிக்கிழமைக்குள் தயாராக இருந்தால் நல்லது. சனிக்கிழமை அவன் அவளைக் கொடைரோடு பக்கம் நண்பன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். அப்படியே போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் அமலியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இனிமேல் என்னை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். ஏன் என்றாள். "மாசத்துல ஒரு சனிக்கிழமை பாக்குறீல்ல, அவங்கதான் ஒன்னோட அம்மா. நான் அத்தை" என்றேன். 

"நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள்.

ஒன்றும் பண்ணவில்லை என்றேன். நம்பவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தட்டை மட்டும் நீட்டினாள்.

ஜோஸ்பின்